திருப்பிச் சொல்கிறவள்

ஜன்னல் பக்கம் உட்கார வைப்பதா, சுவர் ஓரமா என்று அந்த ஒரே ஜமுக்காளத்தை ஆவுடையம்மாள் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் என்றால் சாரல் அடிக்கும். தென்காசிச் சாரலுக்கு ஜன்னல் கதவெல்லாம் ஒரு பொருட்டா, பூட்டின பெட்டிக்குள்ளேயே புகுந்து சேலையை நமுத்துப்போக வைக்கிற சாரல் அது. சுவர் ஓரம் என்றால் பாத்துவுக்கு ஆகாது. பாத்துமுத்து இந்த மாடிக்கு வந்த நாளிலிருந்தே ஜன்னல்காரி. "எனக்குக் காத்து வேணும்ளா, நீ வேணும்னா அந்த அண்டாக்குள்ள போயி உக்காந்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் முதுகைச் சாய்த்தாளானால் வாசிப்பு முடிகிறவரை அசைய மாட்டாள். இன்றைக்கும் அப்படி வந்து சாய்வாளா? இல்லை, எங்கே உட்காரணும் என்று யாராவது சொல்லட்டும் என வாசலிலேயே நிற்பாளா? நின்றால் என்ன, கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தால் ஆயிற்று. சவம், இந்த ஜமுக்காளம் வேறு ஒரே வாடை. கல்யாண வீடு, சடங்கு வீடு, கருமாதி வீடு என்று எல்லா வீட்டுக்கும் வாடகைக்குப் போய்விட்டு வந்தது. சாம்பாரும் சந்தனமும் எந்தப் பிள்ளை நனைத்த ஈரமோ அதுவும் சேர்ந்த வாடை. பாத்து இதைச் சபை வாசம் என்பாள். செவ்வாய்க்கிழமை அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மகன் அங்கே பெரிய டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறான், வீட்டில் அவளுக்கென்று ஒரு ரூமும் ஒழித்து வைத்திருக்கிறான். மருமகள் நஸ்ரின்தான் போன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை மாமியைக் கூட்டிட்டு வாரேன் ஆவுடைம்மா. ஒரு தடவை உங்க எல்லாரையும் பாத்துட்டுப் போகட்டும். ஆனா..." என்று இழுத்தவள் மேற்கொண்டு சொல்லவில்லை. ஆவுடையும் கேட்கவில்லை. கேட்கத்தான் வேண்டுமா, அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத கோட்டியா அவள்? பையில் நாலு தாள் இருந்தது. கோடையில் எழுதியது. யாருக்கும் வாசித்துக் காட்டாதது. பாத்து ஒரு தடவை இதைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சென்னைக்குப் போகட்டும், எங்கேயும் போகட்டும். ஜமுக்காளத்தை ஜன்னல் பக்கமே போட்டாள். சாரல் அடித்தால் அடித்துவிட்டுப் போகிறது.

இந்த மாடி பிரமநாயகம் அண்ணாச்சியின் வாடகைப் பாத்திரக் கடை மாடி. கீழே கரண்டியும் தாம்பாளமும். மேலே அண்டா, தேக்சா, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. மேலே தகரம், அதன்மேல் மழை. அடைமழைக்கு இந்தத் தகரம் பேயாட்டம் போடும், வாசிக்கிறவர் தொண்டை கட்டிப்போகும். சாரலுக்கு அப்படியில்லை, அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதனால்தான் தடித்த புத்தகத்தையெல்லாம் சாரலுக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். சாரலுக்கு ஒரு புத்தகம், ஐப்பசி மழைக்கு ஒரு புத்தகம், மார்கழிப் பனிக்கு மெலிசாக ஒன்று. வெயில் காலத்தில் படிப்பே கிடையாது, அப்போது எழுத்து. ஒரு பருவத்துக்கு ஒரே புத்தகம், அதுவும் ஒரே பிரதி. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, யாரும் முந்திப் படிக்கக் கூடாது. ஒருத்தர் வாசிக்க மற்றவர்கள் கேட்க, எங்கே நிறுத்தினார்களோ அங்கேதான் எல்லாரும் ஒரு வாரம் நிற்க வேண்டும். கதையில் ஒருத்தி ரயிலுக்குக் காத்திருந்தால் இவர்களும் அந்த வாரம் முழுக்க அவளோடு காத்திருப்பார்கள். ஜெயசீலி டீச்சர்தான் இதை ஆரம்பித்தது. "வேகமாப் படிச்சா அது யாரோ எவரோ கதை. மெதுவாப் படிச்சாத்தான் அது நம்ம வீட்டுச் சோலி" என்பார். புத்தகம் நனையாமல் இருக்க அண்ணாச்சி அதை ஒரு மூடி போட்ட அண்டாவுக்குள் வைப்பார். ஒரு தடவை கடைப் பையன் தெரியாமல் அந்த அண்டாவைக் கல்யாண வீட்டுக்கு ஏற்றிவிட்டான். அடேயப்பா, அன்றைக்கு ஓடிய ஓட்டம்! பாத்து மண்டபத்துச் சமையல் கட்டுக்குள் புகுந்து, "அண்ணே, பருப்பைக் கொட்டிராதீங்க, உள்ள எங்க புள்ள இருக்கு" என்று கத்தினதில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். ஆவுடைக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு, இதை நினைத்துச் சிரிக்கப் பாத்துவிடம் இனி மிச்சம் இருக்குமா என்று ஒரு நினைப்பு. இது ஒரு கெட்ட பழக்கம் ஆகிவிட்டது. எதை எடுத்தாலும் இது பாத்துவிடம் இருக்குமா, இது போயிருக்குமா என்று தடவித் தடவிப் பார்க்கிற பழக்கம்.

டீத்தூள் போட்டாயிற்றா? ஸ்டவ்வில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நிறத்தைக் குனிந்து பார்த்தாள். போட்டிருக்கிறது. எப்போது போட்டாள் என்று நினைவில்லை. ச்சீ, இதெல்லாம் எல்லாருக்கும் வருவது. பள்ளிக்கூட ஆபீஸில் அத்தனை பிள்ளைகளின் டி.சி. எழுதித் தருகிறாள், ஒரு பெயரில் தப்பு வந்ததில்லை. பாத்துவும் அப்படித்தானே இருந்தாள், ஆவுடையை விட நூறு பங்கு ஞாபகக்காரியாக. அதுதானே அவள் வேலையே இந்த மாடியில். வெயில் காலத்தில் ஆளுக்கொன்று எழுதி வந்து வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது, நல்லா இல்லை என்றும் சொல்லக் கூடாது. கேட்டவர்களில் ஒருத்தர் கேட்டதை அப்படியே தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், எழுதினவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஏன் இப்படிச் சொன்னே, எங்கேயிருந்து வந்தது என்று திருப்பிச் சொல்கிறவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அது அண்ணாச்சி போட்ட விதி. "கேட்டா ஆளு உஷாராயிருவான் தாயி. பொறவு உள்ள இருக்கது வெளிய வராது" என்பார். ஆவுடைக்குத் திருப்பிச் சொல்கிறவள் முதல் வெயிலிலிருந்தே பாத்துதான். அதுவரைக்கும் ஆவுடை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தவள். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கிடக்கிற கல்யாணமாகாத பொம்பளைக்கு எழுத்து என்ன வேண்டிக்கிடக்கு என்று மதினி வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் பார்ப்பதே போதும். அந்த முதல் தடவை அப்பாவின் குடையைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டு வந்து, வாசித்து முடித்து, ஓடிப்போய்விடலாமா என்று படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்து கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஆவுடை கஷ்டப்பட்டு ஜோடித்த வரியெல்லாம் அதில் காணோம். உதிர்ந்துவிட்டிருந்தது. அப்பா செத்த பிறகும் யாரும் அந்தக் குடையை விரிக்கவில்லை, விரித்தால் அவர் நின்ற இடம் காலியாகத் தெரியும் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தாளே, அது மட்டும் பாத்து வாயில் பெரிசாக வந்து நின்றது. இதையா எழுதினோம், இவ்வளவா நம்மிடம் இருந்தது என்று ஆவுடை அழுதேவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் எழுதுகிறவள் ஆனாள். பாத்து காதுக்குள் போய்த் திரும்பி வந்தால்தான் அது எழுத்து. வராவிட்டால் வெறும் தாள்.

பலாப்பழக் கதையை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து வைராக்கியமாக இருந்தாள். நினைக்கக் கூடாது என்றால் வேறு எது வரும்? பஸ் ஸ்டாண்டில் மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருக்கிற ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தாள். அக்கா வரவில்லை, அதுதான் கதை. சுமாரான கதை என்று ஆவுடைக்கே தெரியும். பாத்து கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வந்தது, பலாப்பழம் வந்தது. திடீரென்று ஒரு கிணறு வந்தது. பலகை போட்டு மூடின கிணறு. "அதுக்குள்ள இருந்து அவன் கூப்பிடுதான். இவ, இந்தா வாரேன்ங்கா. இந்தா வாரேன், இந்தா வாரேன்ங்கா. மடியில பழம் இருக்குல்லா, எந்திரிக்க முடியல" என்றாள் பாத்து. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெயசீலி டீச்சர் விதியையும் மறந்து கை தட்டிவிட்டார். "ஆவுடை எழுதாம விட்டதை நம்ம பாத்து கேட்டிருக்கா பாருங்க!" என்று சொன்னார். ஆமாம் ஆமாம் என்று ஆவுடைக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. கதைக்கு அடியில் கிணறு இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று வீட்டுக்கு ஓடி, விடிவதற்குள் கிணற்றை வைத்து எழுதிவிட்டாள். இந்தா வாரேன் என்பதையே கடைசி வரியாக வைத்தாள். ஒரு பத்திரிகையில் வந்தது. முகம் தெரியாத ஆட்களெல்லாம் போன் பண்ணி அந்தக் கடைசி வரியைச் சொல்லிச் சொல்லிக் குரல் உடைந்தார்கள். ஆவுடையம்மாள் என்ற பேர் அச்சில். அவள் பேர் மட்டும். அடுத்த வெயிலில் தையல் கடையைப் பற்றி எழுதினாள், அதிலும் கிணறு வந்தது. டீச்சர் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி எழுதினார், அதிலும் வந்தது. "பாத்து கிணறு இல்லாம நம்ம எழுத்து நிக்காது போல" என்று டீச்சர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். பாத்துவும் சிரித்தாள். என்ன கிணறு பாத்து, யாரு கூப்பிடுதா என்று ஒரு நாக்கு புரளவில்லையே. விதி. மண்ணாங்கட்டி விதி.

டீயில் உப்புப் போட்டாள் பாத்து, சிரித்தார்கள். மாடிப்படியில் பாதியில் நின்று, மேலேயா கீழேயா ஏளா போகணும் என்று கேட்டாள், அதற்கும் சிரித்தார்கள். போன ஐப்பசியில் அவள் வாசிக்கிற முறை வந்தபோது அதே பக்கத்தை மறுபடியும் வாசித்தாள். யாரும் நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தை அவள் விட மனசில்லாமல் இரண்டாவது தடவை வாசிக்கிறாள் என்று நினைத்து டீச்சர் கண் கலங்கினார். கண் கலங்கினாராம்! மூணாவது தடவையும் அதே பக்கத்தை ஆரம்பித்தபோதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் டாக்டர், ஸ்கேன், மாத்திரை. இது இன்னைக்கு நேத்து வந்ததில்லை, ஆரம்பிச்சு வருஷக்கணக்காகுது என்று டாக்டர் சொன்னாராம். நஸ்ரின் ஆவுடை வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டுதான் சொன்னாள், உள்ளே வரவில்லை. "நாங்க சென்னைல வேலைக்குப் போறவங்க ஆவுடைம்மா. காலைல போனா ராத்திரி. எங்களுக்குத் தெரியல. நீங்க வாராவாரம் பக்கத்துலயே உக்காந்து அவங்க பேசுறதை வார்த்தை வார்த்தையாக் கேட்டீங்களே. உங்களுக்குமா ஒண்ணும் தெரியல?" திட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குத் திட்டத் தெரியாது. திட்டியிருந்தால் தேவலை. உங்களுக்குமா தெரியல, உங்களுக்குமா தெரியல. ஆபீஸில் டி.சி. எழுதும்போதும், குழம்பு கொதிக்கும்போதும், தலை வாரும்போதும் அதுதான். தெரிஞ்சதும்மா. நல்லாத் தெரிஞ்சது. அதை இலக்கியம்னு நினைச்சோம். இப்படி ஒரு பதிலை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? உலகத்தில் வேறு எந்த ஜனமாவது இப்படி ஒரு மடத்தனம் பண்ணியிருக்குமா? பக்கத்து வீட்டு இட்லிக்காரியிடம் கிணறு கிணறு என்று பாத்து உளறியிருந்தால், என்ன ஆச்சு உனக்கு என்று மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இவர்கள் கை தட்டினார்கள். ஆவுடை ஒரு படி மேலே போய் அதை அச்சில் ஏற்றினாள். ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருக்க, உடைந்து விழுந்ததைப் பொறுக்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வரி ஓடவில்லை. பையில் இருக்கிற அந்த நாலு தாளையும் வம்படியாக உட்கார்ந்து எழுதினாள். பாத்து இதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டால், கிணறு கிணறு என்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால்... என்ன ஆகும்? டாக்டர் சொன்னது பொய் என்று ஆகிவிடுமா? அப்படி ஒரு ஆசை மனசின் ஓரத்தில் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய்.

படியில் காலடி. வடிகட்டியைக் கீழே வைத்தாள். காலடி கனம். அண்ணாச்சி. தலைத்துண்டை உதறிக்கொண்டே வந்தார், கையில் காராச்சேவுப் பொட்டலம். "பாத்து வந்துட்டாளா தாயி?" என்றார். "வார நேரந்தான் அண்ணாச்சி" என்றாள். அவர் பொட்டலத்தை அண்டா மூடிமேல் வைத்துவிட்டு, புத்தகத்தை வெளியே எடுத்து, புறங்கையால் தடவிப் பார்த்தார். இந்தச் சாரலுக்கு வாங்கி வைத்த தடித்த புத்தகம், இன்னும் ஒரு பக்கம் புரட்டவில்லை. "இதைப் பாத்துதான் தேர்ந்தெடுத்தா. தெரியும்லா? போன பனியிலயே சொல்லிட்டா, சாரலுக்கு இதுதான்னு" என்றார். தெரியும் என்று ஆவுடை தலையசைத்தாள். தடித்த புத்தகம் முடிய ஆவணி ஆகும். ஆவணியில் பாத்து எந்தப் பக்கத்தில் இருப்பாள்? அண்ணாச்சிக்கும் அதே நினைப்பு ஓடியிருக்க வேண்டும், மனுஷன் புத்தகத்தை மறுபடியும் அண்டாவுக்குள் வைத்து மூடினார். பின்னாலேயே ஜெயசீலி டீச்சர் மூச்சு வாங்க ஏறிவந்தார். குடையை மூலையில் விரித்து வைத்தார். "இன்னைக்கு என்ன பண்ணலாம் ஆவுடை? எப்பவும் போல பண்ணலாமா? இல்ல சும்மா பேசிட்டு இருப்போமா?" எப்பவும் போல என்றாள் ஆவுடை, கொஞ்சம் சத்தமாகவே. டீச்சர் அவள் பையையும் அவள் முகத்தையும் பார்த்தார். "அவளைப் பரீட்சை வைக்காதம்மா" என்று மெதுவாகச் சொன்னார். சுருக்கென்றது. பரீட்சையா? நானா? அப்படியா செய்கிறேன்? ஆமாம், அப்படித்தான் செய்கிறேன். எனக்கு வேண்டும் அது. அவளுக்கு வேண்டுமோ வேண்டாமோ எனக்கு வேண்டும். எல்லாத்தையும் விட்டுக்கொடுத்தே வந்தவள், இந்த ஒன்றை விடமாட்டேன் என்று பிடிவாதம். டீயை ஆற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

கீழே ஆட்டோச் சத்தம். பிறகு நஸ்ரின் குரல், "மெதுவா மாமி, படி இருக்கு. இன்னொண்ணு. இன்னொண்ணு." வாசலில் பாத்து தெரிந்தாள். நல்ல வெளுத்த சேலை, முக்காடு சரியாக இருந்தது, இளைத்துவிட்டாள். நின்றாள். ஆவுடை நினைத்து நினைத்து நடுங்கின மாதிரி வாசலிலேயே நின்றாள். அப்புறம் மழைக்காற்று முகத்தில் பட்டதோ என்னமோ, யாரும் சொல்லாமலே விறுவிறுவென்று நடந்துபோய் ஜன்னல் கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆவுடைக்கு உயிர் வந்தது. உடம்பு மறக்கவில்லை, பார்த்தியா, உடம்பு மறக்கவில்லை! டீயை எடுத்துக்கொண்டு ஓடினாள். "ஏளா பாத்து, சூடா இருக்கு, மெதுவாக் குடி." பாத்து டம்ளரை வாங்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய மரியாதையாகச் சிரித்தாள். "இருக்கட்டும், நீங்க குடிங்க. நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" நீங்க. இத்தனை வருஷத்தில் பாத்து வாயிலிருந்து ஒரு நீங்க வாங்கியதில்லை ஆவுடை. ஏளா, கோட்டிக்காரி, மூதி, எல்லாம் வாங்கியிருக்கிறாள். மூதி என்று திட்டேன் பாத்து, உனக்குப் புண்ணியமாய்ப் போகும். நஸ்ரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆவுடை வேண்டாம் என்று கை காட்டிவிட்டாள். "பக்கத்து வீடுதான்" என்றாள். "அப்படியா" என்று பாத்து டீயை ஊதினாள்.

எப்பவும் போல என்று சொல்லியாயிற்றே. ஆவுடை பையிலிருந்து தாளை எடுத்தாள். டீச்சர் குனிந்துகொண்டார். வாசிக்க ஆரம்பித்தாள், அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. என்ன எழுதியிருந்தாள்? இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பூட்டுக்குச் சாவி தேடுகிற கதை. முதல் தாள் முடியும்போதே அது செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை. பாத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது தாளும் முடிந்தது. தகரத்தில் அரிசி களைகிற சத்தம் மட்டும். எல்லாரும் பாத்துவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஆவுடை பார்த்தாள். "சொல்லு பாத்து" என்றாள், பிச்சை கேட்கிற மாதிரி வந்தது குரல். பாத்து கண்ணை மூடினாள். அந்தப் பழைய கண் மூடல். "பலகை போட்டுத்தான் வச்சிருந்தாங்க" என்றாள் பாத்து. "சாரல்ல பலகை ஊறிப்போச்சு." சாவியும் இல்லை, பூட்டும் இல்லை. அதே கிணறு. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று ஆவுடை தாளை மடித்தாள். மடித்துக்கொண்டே, விதி எக்கேடும் கெட்டுப்போகட்டும், எதற்காக இத்தனை வருஷம் வாயைப் பொத்தினோமோ அதையே கேட்டாள். "என்ன கிணறு அது? யாரு வீட்டுக் கிணறு?"

பாத்து கண்ணைத் திறந்தாள். இதைக் கேட்க ஒரு ஆள் வந்ததே என்கிற மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க உம்மா வீட்டுக் கிணறு. மைதீன் பிச்சைன்னு எனக்குத் தம்பி. சின்னப் பிள்ளை. அவனைப் பாத்துக்கோன்னுட்டு உம்மா குளத்துக்குப் போச்சு. நான் சீனி கட்டி வந்த பேப்பரை வச்சுப் படிச்சிட்டு இருந்தேன். ஏதோ கதை அதுல. பாதிக் கதைதான் இருந்துச்சு, பேப்பர் கிழிஞ்சது. அவன் லாத்தான்னு கூப்பிட்டான். கேட்டுச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இந்தா வாரேன்னேன். இந்த வரி முடியட்டும்னேன். திரும்பவும் கூப்பிட்டான். இந்தா வாரேன்னேன். பொறவு கூப்பிடல." சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். நஸ்ரின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்த வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் அவளும் இதைக் கேட்டதில்லை. இந்தா வாரேன். அச்சில் வந்த வரி. முகம் தெரியாதவர்கள் போனில் சொல்லிச் சொல்லி அழுத வரி. அதை மடியில் வைத்துக்கொண்டு இவள் வாராவாரம் இந்த ஜன்னலில் வந்து உட்கார்ந்து, ஒரு சத்தம் விடாமல், ஒருத்தர் குரல் விடாமல், எல்லாருடையதையும் கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இவளுடையதை யார் கேட்டது? ஆவுடை ஜமுக்காளத்தில் தவழ்ந்துபோய்ப் பாத்துவின் முழங்காலைத் தொட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சாரல் பெஞ்சிட்டு இருந்துச்சு. உம்மா குளத்துக்குப் போச்சு. மைதீன் பிச்சையைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போச்சு. கிணத்துல பலகை போட்டுத்தான் வச்சிருந்தாங்க, பலகை ஊறிப்போச்சு. அக்காக்காரி சின்னப் பிள்ளைதான் அவளும். தம்பி லாத்தான்னு கூப்பிட்டான். அவ இந்தா வாரேன்னா. திரும்பவும் கூப்பிட்டான். இந்தா வாரேன்னா. பொறவு கூப்பிடல." சொல்லும்போதே ஒன்றை விட்டுவிட்டாள், தெரிந்துதான் விட்டாள், அதைச் சொல்ல வாய் வரவில்லை. முழங்காலில் இருந்த அவள் கையைப் பாத்து தட்டினாள். "விட்டுட்டீங்களே" என்றாள். "பேப்பரை விட்டுட்டீங்களே. இந்த வரி முடியட்டும்னு சொன்னேன்லா. அதையும் சொல்லணும். அதை விடக் கூடாது." ஆவுடை அழுதுகொண்டே சொன்னாள். சீனி கட்டி வந்த பேப்பர் என்று சொன்னாள், பாதிக் கதை என்று சொன்னாள், இந்த வரி முடியட்டும் என்றதையும் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தபோது பாத்துவின் முகம் தெளிந்திருந்தது. வாசிப்பு முடிந்து எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில் அவளுக்கு எப்போதும் இருக்கிற முகம்.

"நல்லாச் சொல்லுதீங்க" என்றாள் பாத்து. விதிப்படி அதைச் சொல்லக் கூடாது, யாரும் அவளைத் தடுக்கவில்லை. "எங்கள்ல ஆவுடைன்னு ஒருத்தி உண்டு. கோட்டிக்காரி. எழுதுவா. இதை அவட்ட சொல்லணும்னு எத்தனை நாளா வச்சிருக்கேன். என்னைக்காவது கேப்பா, அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். எனக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்க மாட்டேங்கு. நீங்க பக்கத்து வீடுதான? பாத்தா சொல்லிருங்க. பேப்பரை விட்டுராம சொல்லணும்."

"சொல்லுதேன்" என்றாள் ஆவுடை.

நஸ்ரின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ காத்திருக்கு மாமி, போகலாமா என்று கேட்டாள். பாத்து எழுந்திருக்கவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இரு நஸ்ரின். ஆவுடை இன்னும் வரலையே" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "இன்னைக்கு வருவாளா?" என்று கேட்டாள்.

"வருவா" என்றாள் ஆவுடை. "வார நேரந்தான்."